உடையாத வளையம்

"என் மடியத் தட்டிப் பாருங்க, என் கூடையக் கொட்டிப் பாருங்க! அப்பறமும் நான்தான் திருடின்னா, இந்தச் சூளைக்குள்ள என்னை வெச்சுக் கதவச் சாத்துங்க!"

தங்கதுரை டிவிஎஸ் ஃபிஃப்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் இந்தக் குரல் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது.

"மேடம், சூளை எரியுதா, இல்ல இந்தம்மா இருக்கறப்ப விறகு எதுக்குன்னு விட்டுட்டாங்களா?"

"வாயச் சாத்திட்டுக் கண்ணத் தொற, துரை" என்றபடி பின் சீட்டிலிருந்து இறங்கினாள் அன்புக்கரசி.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், தன் கடைக்குத் தானே தீ வைத்துக்கொண்டு பணம் கேட்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள் அவள். சாம்பலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று பேர். இப்போது விருத்தாசலம் கடலூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் சொந்தமாகத் துப்பறியும் நிலையம். தங்கதுரை பஸ் கண்டக்டராக இருந்தவன். செக்கிங் இன்ஸ்பெக்டர் குரலில் பேசி மொத்த பஸ்ஸையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது பின்படிக்கட்டில் அந்த இன்ஸ்பெக்டரே ஏறிவிட்டார். அதிலிருந்து அவன் அன்புக்கரசியின் உதவியாளன்.

பட்டறையின் உரிமையாளர் பூபாலன் ஓடி வந்தார். ஃபியூஸ் கட்டையும் பீங்கான் இன்சுலேட்டரும் செய்து பிழைத்த மனிதர். அன்றைக்கு அவர் முகமே சுடாத மண் மாதிரி இருந்தது.

"வாங்கம்மா. மானமே போவப் போவுதுங்க. அந்த வளையத்தக் காணோம்."

"எந்த வளையம்? மொதல்ல இருந்து சொல்லுங்க."

அதைச் சொல்ல முன்வந்தவர் பூபாலன் அல்ல. கோட்டு போட்ட ஒருவர். ஒரு கையில் பெட்டி, மறு கையில் எவர்சில்வர் டிபன் கேரியர். அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது தங்கதுரைக்கு. யோசித்தான். வரும் வழியில் பாலக்கரையில் பார்த்த ஃப்ளெக்ஸ் போர்டு! 'பூமியில் சூரியனைப் பிடிக்கும் எங்கள் கருவேப்பிலங்குறிச்சியின் கதிரவனே, வருக!' என்று, இதே கோட்டில், பின்னால் ஒரு ராக்கெட்டுடன்.

"நான் நடராசன். வடக்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல விஞ்ஞானி. எங்க மிஷினுக்கு வேண்டிய பீங்கான் வளையங்கள இவருதான் செஞ்சு குடுத்தாரு. மிஷின ஓட்டினதும் எல்லாம் உடைஞ்சுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் உடையல. அதே பக்குவத்துல மறுபடி செய்யணும்னு அத எடுத்துக்கிட்டு வந்தேன். காலையில இந்த மேசை மேல வெச்சோம். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா இல்ல."

"மேசையத் தொடைச்சது யாரு?"

"நான்தாம்மா!" சூளையின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த கண்ணம்மாள் கையை உயர்த்தினாள். பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு பூசும் கை. முழங்கை வரை வெள்ளை. "பதினஞ்சு வருசமா நான்தான் தொடைக்கிறேன். இன்னிக்கு ஓனரு என்னைப் பாத்து, எடுத்திருந்தா குடுத்துடு கண்ணம்மா, யாருக்கும் சொல்ல மாட்டேங்கறாரு. எடுத்திருந்தாவாம்!"

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

"போலீஸுக்குச் சொல்லலையா?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"நான்தான் வேணாம்னேன்" என்றார் நடராசன் அவசரமாக. "போனது போவட்டும், பாவம் ஏழைப் பொம்பள. ஆனா எங்க டைரக்டரு போன்ல கத்தறாரு. சாயங்காலத்துக்குள்ள கெடைக்கலன்னா புகார் குடுத்தே ஆவணுமாம். அரசாங்கச் சொத்து."

"எல்லாரு பையையும் பாத்தாச்சா?"

"என் பெட்டியக்கூட நானே தொறந்து காட்டினேன். இந்தக் கேரியரையும் தொறந்து காட்டினேன். எங்க அக்கா ஆதிலட்சுமி கட்டிக் குடுத்த தயிர் சாதம்."

மேசை மேல் ஒரு அட்டைப் பெட்டியில் உடைந்த வளையங்கள் கிடந்தன. குழந்தை வளையல் அளவு, ஆனால் தடிமன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கன்னங்கரேலென்று மசி படிந்திருந்தது. அன்புக்கரசி ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"காணாமப் போனது பாக்க எப்படி இருக்கும்?"

"பாலாட்டம் இருக்கும்மா" என்றார் பூபாலன்.

"வெள்ளைன்னா வெள்ளை, அப்பிடி ஒரு வெள்ளை" என்றாள் கண்ணம்மாள். "நான் பூசினதாச்சே."

தொழிற்பேட்டை வாசலில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்ததும் அன்புக்கரசி விஞ்ஞானியைக் கேட்டாள்: "உங்க மிஷினு என்னதான் பண்ணுது சார்? புரியற மாதிரி சொல்லுங்க. புரியாட்டி துரை பேச ஆரம்பிச்சுடுவான்."

நடராசனுக்கு அது போதுமாக இருந்தது. காலையிலிருந்து வாடிக் கிடந்த முகம் சட்டென்று மலர்ந்தது. ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சூரியனுக்குள்ள என்ன நடக்குதோ அத ஒரு பாத்திரத்துக்குள்ள நடத்தப் பாக்கறோம். வாயுவக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கினா அது பிளாஸ்மா ஆயிடும். அந்தச் சூட்ட எந்தப் பாத்திரம் தாங்கும்? அதனால காந்தத்த வேலி மாதிரி கட்டி, சுவத்துல படாம அந்தரத்துல நிறுத்தி வெக்கிறோம். உள்ள எல்லாம் ஒழுங்கா இருக்கும். பிரச்சனை ஓரத்துலதான்."

"எல்லா ஊர்லயும் ஓரத்து வூட்டுக்காரன்தான் சார் பிரச்சனை" என்றான் தங்கதுரை.

"அதேதான்! உள்ள பயங்கர அழுத்தம். ஒரு விரக்கடை தள்ளி ஒண்ணுமே இல்ல. செங்குத்தான மலை மாதிரி நிக்கும். ரொம்பச் செங்குத்தாப் போச்சுன்னா ஓரம் நெளிய ஆரம்பிக்கும். நெளிஞ்சு, டப்புனு ஒரு வெடிப்பு. நாக்கு நாக்கா வெளிய பீச்சியடிச்சு சுவத்துல அறையும். அப்பறம் அடங்கும். மறுபடி அழுத்தம் ஏறும், மறுபடி வெடிக்கும்."

"பால் பொங்கற மாதிரி."

"ஆமா, ஆனா பாலு ஒருதடவ பொங்கினா அடுப்ப அணைச்சுடுவீங்க. இது நீங்க கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பல தடவ பொங்கும். வேடிக்கை என்னான்னா, பிளாஸ்மாவ எவ்வளவு நல்லா அடைச்சு வெக்கிறமோ அவ்வளவு மோசமா வெடிக்கும். ஒழுகற பானையில இந்தத் தொல்லையே கெடையாது."

"எங்க மாமனாரு சார்! வருசம் பூரா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பொங்கலன்னிக்கு மட்டும்..."

"துரை" என்றாள் அன்புக்கரசி. அவன் பஜ்ஜிக்குத் திரும்பினான். "வளையம் இதுல எங்க சார் வருது?"

"அந்த ஓரத்துல ஒரு கம்பிய நீட்டி வெச்சு வெடிப்ப அளக்கறோம். அந்தக் கம்பிக்குப் போடற உறைதான் வளையம். ஒவ்வொரு வெடிப்புலயும் சூடு மட்டுமில்ல, சுவத்துல இருக்கற கரித்தூளும் உலோகத்தூளும் பறந்து வந்து வளையத்து மூஞ்சில அப்பிக்கும். ஆசிட்ட ஊத்தினாலும் போவாது. அதத் தாங்கி ஒண்ணு உடையாம நின்னுதுன்னா..." பாதியில் அவர் குரல் இறங்கியது. இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். "அது பெரிய விஷயம்."

தங்கதுரையின் பார்வை கேரியரின் மேல் விழுந்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. "சார், தயிர் சாதம் புளிச்சுடப் போவுது. உங்களுக்கு வேணாம்னா எங்கிட்ட குடுத்தீங்கன்னா..."

நடராசன் கேரியரை மடிக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம்! எனக்கு வயிறு சரியில்ல. அப்பறமா சாப்பிடுவேன்."

அப்போது பட்டறை வாட்ச்மேன் பழமலை மூச்சிரைக்க வந்தார். "யம்மா! ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சும்மா. பக்கத்துக் கொட்டாய் சுப்புராயன் இருக்காரில்ல? காலையில அவசர அவசரமா வெளிய போனாரு. கையில வெள்ளையா, வட்டமா, நடுவுல ஓட்டையா ஒண்ணு. என்னைப் பாத்ததும் துண்டப் போட்டு மூடிக்கிட்டாரு!"

சுப்புராயன் பூபாலனின் போட்டிக்காரர். இந்த ஆர்டர் தனக்கு வராதா என்று காத்திருந்து ஏமாந்தவர். தங்கதுரை எழுந்து நின்றுவிட்டான்.

"எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"அது தெரியலம்மா. கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"எங்க போனாரு?"

"காலையில பேங்குக்குப் போய்ட்டு இப்பத்தான் திரும்பி வந்தாரு. மறுபடியும் துண்டோட மங்கலம்பேட்ட பஸ்ஸு ஏறிட்டாரு. அஞ்சு நிமிசம்கூட ஆவல!"

டிவிஎஸ் ஃபிஃப்டி உளுந்தூர்பேட்டை ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. எதிர்க்காற்றில் அது நகர்கிறதா நிற்கிறதா என்பது புளியமரங்களைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒரு கரும்பு டிராக்டர் அவர்களை முந்திப் போனது.

"மேடம், இந்த வேகத்துக்குத் திருடன் மங்கலம்பேட்டையில எறங்கி, வளையத்த வித்து, அதுல ஒரு வூடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நம்மளக் கூப்புடுவான்."

"கூப்புட்டா சாப்பிட்டு வரலாம். ஓட்டு."

கடவுள் கண் திறந்தார். வழியில் ஓரிடத்தில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருக்க, பஸ் நின்றிருந்தது. இருவரும் பின்படிக்கட்டில் ஏறினார்கள். பஸ் பாதி காலி. ஆனால் நடுவில் ஒரே ஒரு மனிதர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அக்குளில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம்.

"சுப்புராயன் அண்ணே, இவ்ளோ சீட்டு இருக்குது. உக்காரலாமே?" என்றாள் அன்புக்கரசி.

"இல்ல, பரவால்ல, நின்னாத்தான் காத்து வருது" என்றவரின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

தங்கதுரை தன் பழைய செக்கிங் இன்ஸ்பெக்டர் குரலை எடுத்தான். "துண்டுல என்னா? எடுங்க வெளிய!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுப்புராயன் அவர்கள் இருவரையும் கிட்டத்தில் இழுத்து, அழாத குறையாகக் கிசுகிசுத்தார். "சத்தம் போடாதீங்கய்யா. டாக்டரு குடுத்தது. மூலத்துக்கு, அடியில வெச்சு உக்கார்ற ரப்பர் வளையம். காலையில இருந்து காத்து எறங்குது. இங்க சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டக் குடுத்தா நாளைக்கு ஊரே கேக்கும். மங்கலம்பேட்டையில என்னை யாருக்கும் தெரியாது."

பொட்டலம் அந்த நேரம் பார்த்து 'புஸ்ஸ்' என்றது.

முன் சீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம சுப்புராயனா! மங்கலம்பேட்டைக்கா? நானும் அங்கதான்!"

சுப்புராயன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

திரும்பும்போது தங்கதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனசில் கண்ணம்மாளின் வெள்ளைக் கைதான் நின்றது. மாலையில் ஜீப் வரும். இரண்டு போலீஸ்காரர்கள் அந்தக் கையைப் பிடித்து ஏற்றுவார்கள். நாளைக்கு வளையம் கிடைத்தாலும் ஊர் அந்த ஜீப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அவனுடைய அக்கா ஒருமுறை வேலை பார்த்த வீட்டிலிருந்து அப்படி ஜீப்பில் ஏறினாள். காணாமல் போன மோதிரம் மறுநாள் அந்த வீட்டுக் குளியலறையிலேயே கிடைத்தது. அக்கா அந்தத் தெருப் பக்கம் பிறகு போகவே இல்லை.

"மேடம், இருந்த ஒரே துப்பும் பஞ்சர் ஆயிடுச்சு."

"ஆவல. வெள்ளையா வட்டமான்னு எல்லாரும் சொல்றாங்க. வட்டம் சரி. வெள்ளைதான் எனக்குத் தொண்டையில மாட்டிக்கிட்டு நிக்குது. வண்டிய நேரா பட்டறைக்கு விடு. எனக்குப் பசிக்குது."

பட்டறை வாசலில் ஏட்டு ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணம்மாள் சூளையை விட்டு நகரவில்லை. பூபாலன் அவள் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தார். நடராசன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு அவர் ஊரில் பாராட்டு விழா.

அன்புக்கரசி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் இருங்க ஏட்டய்யா. பூபாலன், அந்த வளையம் எப்படி இருந்துச்சுன்னீங்க?"

"பாலாட்டம்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமுந்தான். நல்லாக் கழுவி எடுத்துட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

"கழுவினா போவாதாமே? ஆசிட்ட ஊத்தினாலும் போவாதுன்னு நடராசன் சாரே சொன்னாரு." அவள் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கறுத்த பக்கத்தைக் காட்டினாள். "கூடப் போனது எல்லாம் மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு வந்திருக்குது. இது ஒண்ணு மட்டும் பவுடர் போட்டுக்கிட்டு வந்திருக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

தங்கதுரையின் வாய்தான் முதலில் திறந்தது. அவன் திறக்கவில்லை, அதுவாகவே திறந்துகொண்டது. "மேடம்! அது மிஷினுக்குள்ள போவவே இல்ல!"

"அதான். உடையாததுக்குக் காரணம் அதோட பலம் இல்ல. அது லீவுல இருந்திருக்குது. இப்ப சொல்லுங்க. இந்த விஷயம் வெளிய தெரியாம இருக்கணும்னா அந்த வளையம் யாருக்குக் காணாமப் போவணும்? கண்ணம்மாக்காவுக்கா?"

நடராசனின் கோட்டுக்குள் ஆள் குறுகிக்கொண்டே போனார். "என்ன பேசறீங்க? என் பெட்டி, என் கேரியரு, எல்லாத்தையும்தான் தொறந்து..."

"தொறந்து காட்டினீங்க. தயிர் சாதம் தெரிஞ்சுது. எனக்கு ஒரு சந்தேகம் சார். வயிறு சரியில்லாதவங்க மத்ததயெல்லாம் ஒதுக்கிட்டுத் தயிர் சாதம் சாப்பிடுவாங்க. நீங்க தயிர் சாதத்த ஒதுக்கிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டீங்க." அவள் தங்கதுரையைப் பார்த்தாள். "துரை, ஏட்டய்யாவுக்கு ஒரு தட்டுல போடு. பாவம், பசியோட வந்திருப்பாரு."

தங்கதுரை கேரியரை வாங்கினான். நடராசனின் விரல்கள் ஒரு கணம் கைப்பிடியை விடவில்லை, பிறகு விட்டுவிட்டன. கரண்டி சாதத்துக்குள் இறங்கியது.

'டங்.'

கறிவேப்பிலையும் மாதுளை முத்துகளும் ஒட்டிக்கொண்டு, பாலில் குளித்த மாதிரி வெளியே வந்தது வளையம்.

"யய்யா! சோத்துலயா வெச்ச?" என்று எழுந்தாள் கண்ணம்மாள்.

நடராசன் பக்கத்தில் இருந்த மண் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மிஷினுலேருந்து எடுத்ததயெல்லாம் டப்பாவுல போட்டுட்டு நான் எண்ணிக்கைய மட்டும்தான் பாத்தேன். ஒண்ணு முழுசா இருக்குதுன்னதும் சந்தோஷத்துல அறிக்கை எழுதிட்டேன். காலையில இந்த மேசையில, டியூப்லைட்டு வெளிச்சத்துல, உடைஞ்சதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அது பளிச்சுன்னு என்னைப் பாத்துச் சிரிக்குது. மாட்ட மறந்து டப்பாவுலயே வுட்டிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அறிக்கை போயாச்சு. ஊர்ல போர்டு வெச்சாச்சு. காணாமப் போனா யாரும் சோதிக்க முடியாதேன்னு... தேடிட்டு வுட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன். இந்தம்மா மேல பழி வரும்னு நெனைக்கல."

"வந்தப்பறம் நெனச்சீங்களா?" என்றான் தங்கதுரை. அந்தக் குரலில் மிமிக்ரி எதுவும் இல்லை.

கண்ணம்மாள் நடராசன் முன்னால் வந்து நின்றாள். "உங்க பெரிய சாருக்குப் போன் போடுங்க. எனக்கு முன்னாடியே பேசுங்க."

அவர் போட்டார். நோக்கியா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் டைரக்டரின் ஆங்கிலம் பட்டறை முழுக்கக் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு அடங்கியது. கேட்கக் கேட்க நடராசனின் முகத்தில் குழப்பம் ஏறியது. போனை வைத்துவிட்டுப் பூபாலனைப் பார்த்தார்.

"எனக்கு மெமோ வருது. அது சரி. ஆனா எந்தப் பீங்கானும் அந்த வெடிப்பத் தாங்காதுன்னு இப்ப தெளிவாயிடுச்சாம். இனிமே பெருசா வெடிக்கறதுக்கு முன்னாடி உறைய வெச்ச வாயுவக் குண்டுமணியாட்டம் உள்ள சுட்டு, சின்னச் சின்னதா வெடிக்க வுடப் போறாங்க. அது சரியாவற வரைக்கும் வளையம் உடைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால..."

"அதனால?"

"ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுசு வேணுமாம். வருசம் பூராவும்."

பூபாலன் ஒரு நொடி விழித்தார். பிறகு, பாராட்டு விழாவுக்கு நானும் வருகிறேன் என்று சட்டையை மாற்றப் போனார்.

ஏட்டு எழுந்தார். "இந்தச் சோத்த என்ன பண்றது?"

"நானே முடிச்சுடறேன் சார்" என்றான் தங்கதுரை.

கருவேப்பிலங்குறிச்சியில் மேளம் முழங்கியது. பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கதிரவனே வருக என்றார்கள். நடராசன் மைக்கைப் பிடித்தார், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தயிர் சாதம் வரும் இடத்தில் முன்வரிசையில் இருந்த ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றது. அவர் கண்ணம்மாளை மேடைக்கு அழைத்து, தனக்குப் போட்ட சால்வையை அவள் தோளில் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. பூபாலன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மேடைக்குக் கீழே நின்றிருந்த தங்கதுரை, அன்புக்கரசியின் காதருகே குனிந்தான். "முடிஞ்சுது மேடம். சுபம்."

"கொஞ்சம் இரு" என்றாள் அவள்.

கண்ணம்மாள் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாருக்கு என்னைத் தெரியாது. காலையிலதான் மொத மொதல்ல பாத்தாரு. அவரு பண்ணதுக்கு அவரு கும்புட்டுட்டாரு, வுடுங்க. என்னைப் பதினஞ்சு வருசமாத் தெரிஞ்ச ஒருத்தரு கூட்டத்துல நின்னு கை தட்டிக்கிட்டு இருக்காரு. அவரு எப்ப வருவாரு?"

பூபாலனின் கைகள் பாதியில் நின்றன. சனம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மேடைப் படியைத் தேடி நடக்க ஆரம்பித்தார்.